பாவைக்கு முதலில் குரல்

நிழற்பாவைக் கூத்தைக் கணினிக்குள் ஏற்றிவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும் என்ற பேச்சு கலைக்கல்விச் செயலமர்வுகளில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. பாவையை ஸ்கேன் செய்து, மூட்டுகளைப் பிரித்து, திரையில் நாலு அசைவு காட்டினால் மாணவர் மரபைக் கற்றுவிட்டாராம். இந்த நம்பிக்கை அடிப்படையிலேயே பிழை.

இந்தோனேசியாவின் வயாங், துருக்கியின் கரகோஸ் என்னும் நிழற்பாவைக் கூத்துகள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கதை வாசகருக்குத் தெரிந்ததே. நிழலுருவ அசைவுப்படக் கலைஞர் லோத்தே ரைனிகர் கறுப்பு அட்டைகளைக் கத்தரித்து, சட்டகம் சட்டகமாக அசைத்து, மூன்று ஆண்டு உழைப்பில் 1926இல் ‘அக்மத் இளவரசனின் சாகசங்கள்’ படத்தைத் தந்தார். 2007இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் ‘பப்பெட் பின்’ என்ற அசைவுக் கருவி வந்தது. அதன்பின் படத்தை அசைப்பது ஒரு மாலை வேலையாகிவிட்டது.

ஆனால் அசைவு மட்டும் கூத்தாகாது என்பதற்கு நின்று பார்க்கவேண்டிய இடம் கேரளத்தின் பாலக்காடு. அங்கே பத்திரகாளி கோயில்களின் கூத்துமாடம் என்னும் பாவைமேடையில், தேங்காய் மூடியில் ஏற்றிய 21 விளக்குகளுக்கு முன்னால், கம்பனை இன்றும் தமிழிலேயே பாடுகிறார்கள். வீட்டில் மலையாளம் பேசும் புலவர்கள் கம்பன் பாட்டுகளை மனனம் செய்து, ஒவ்வொன்றுக்கும் நெடிய விளக்கம் சொல்லித் தர்க்கம் செய்கிறார்கள். அந்த நேரமெல்லாம் பாவை அசையாமலே நிற்கும். கூத்தை நடத்துவது பேச்சு. குமரி மாவட்டத்து மராத்தி பேசும் கலைஞர்களின் தோல்பாவைக்கூத்திலும் இதுவே நிலை. இராமனுக்கும் சீதைக்கும், கோமாளிகளான உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் ஒரே மனிதர் குரல் மாற்றுகிறார். மு. இராமசாமியும் அ.கா. பெருமாளும் அலைந்து திரிந்து எழுதிய ஆய்வுகள் இத்துறையின் அத்திவாரம். மென்பொருள் கற்பிக்கும் வகுப்புகளில் அவற்றுக்கு இடமே இல்லாதது வெட்கக்கேடு.

2022இல் பாலக்காட்டில் எந்திரக் கைகள் பாவை ஆட்டின. அங்கே கூத்து நடத்தும் இராமச்சந்திரப் புலவரின் குடும்பமே அதற்குத் துணை நின்றது. வியக்கத்தக்க முயற்சிதான், ஆனால் எந்திரத்துக்குக் கைமாறியது கூத்தின் இலகுவான பகுதி.

கடினமான பகுதி வேறு. தோலில் துளையிடுகிறவர் அதை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துத்தான் அடுத்த துளையைத் தீர்மானிக்கிறார். பாவையைத் துணியோடு அழுத்தினால் விளிம்பு கூராகும். விளக்குப் பக்கம் ஒரு சாண் இழுத்தால் உருவம் பெருத்து மங்கும். மென்பொருளில் இது இரண்டு எண்கள். எந்த அடியில் இராவணன் பெருக்கவேண்டும் என்பது பாட்டு வாயில் ஏறியவருக்கே தெரியும்.

இலங்கையின் வன்னி மாணவருக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. இங்குள்ள மேடை மரபு கூத்து. முல்லைத்தீவின் கோவலன் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் குரலும் பாட்டும் இருக்கின்றன. கணினியும் தூரத்தில் இல்லை: கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழில்நுட்பப் பீடங்கள் உள்ளன. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021இல் தனித்து உருவானபோது பிரயோக விஞ்ஞானம், வணிகம், தொழில்நுட்பம் என்றே பீடங்கள் அமைந்தன. ஆனால் கலைக்குப் பீடம் இல்லை. கலை படிக்க விரும்பும் பிள்ளை மருதனார்மடத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகவேண்டும். பாடசாலையிலும் சித்திரம் ஒரு பாடம், நாடகமும் அரங்கியலும் வேறொரு பாடம். வரையத் தெரிந்த பிள்ளைக்குப் பாட்டு இல்லை, பாடத் தெரிந்த பிள்ளைக்கு உளி இல்லை. நிழற்பாவையோ இரண்டையும் கேட்கும் கலை.

கருவி வேண்டாம் என்பதல்ல என் வாதம். கைத்தொலைபேசியைத் திரைக்குப் பின்னால் வைத்து ஆட்டுபவரின் விரல்களைப் படம்பிடிக்கலாம். வேகத்தைக் குறைத்து, மணிக்கட்டு எப்போது திரும்புகிறது என்று பார்க்கலாம். மாணவர் தன் குரலைப் பதிந்து, சீதையும் சூர்ப்பனகையும் ஒரே ஆளாக ஒலிக்கிறார்களா என்று கேட்டுத் திருத்தலாம். வெட்டும் எந்திரத்தைத் தொடுவதற்கு முன் ஒரு பாவையாவது கையால் செதுக்கியிருக்கவேண்டும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. வன்னியின் வலயக் கல்வி அலுவலகங்கள் சித்திர ஆசிரியரையும் அரங்கியல் ஆசிரியரையும் ஓர் அண்ணாவியாரோடு ஒரே வகுப்பறையில், ஒரு தவணைக்காவது, சேர்த்து அமர்த்தட்டும். மென்பொருள் பயிற்சியை அடுத்த தவணைக்கு வைத்துக்கொள்ளலாம்.