செர்ப்புகோவின் தலைக்கணக்கு

ஜனத்தொகைக் கணக்குக்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. ருஷ்ய நாவல்களைப் படித்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

ஜார் ஆட்சியில் மாகாணத்துக்குக் கீழே இருந்த பிரிவுக்கு 'உயெஸ்து' என்று பெயர். நம் தாலுகாவைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். 1775-ல் மகாராணி காதரீன் மலையையும் ஆற்றையும் பார்த்து இவற்றைப் பிரிக்கவில்லை; தலையை எண்ணிப் பிரித்தாள். உயெஸ்து ஒன்றுக்கு 20,000 முதல் 30,000 'ஆத்மா'க்கள். ஆத்மா என்றால் வரிக்கு உட்பட்ட ஆண்பிள்ளை. பெண்ணுக்கு அந்த வரிக் கணக்கில் ஆத்மா கிடையாது! ஒரு கணக்கெடுப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் செத்துப்போன பண்ணையாளுக்கும் எஜமான் வரி கட்டியாக வேண்டும். கோகோல் 1842-ல் வெளியிட்ட 'இறந்த ஆத்மாக்கள்' இந்த ஓட்டை வழியே புகுந்து வந்த நாவல்தான். அதைப் படித்துச் சிரிக்கிறோம். சர்க்கார் கணக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை என்பது பிறகுதான் உறைக்கிறது.

நான் சொல்ல வந்தது மாஸ்கோவுக்குத் தெற்கே இருந்த செர்ப்புகோவ் உயெஸ்தைப் பற்றி. பஞ்சாலைகளும் ஏழைக் கிராமங்களும் கொண்ட பிரதேசம். அங்கே மெலிகோவோ என்ற கிராமத்தில் 1892-ல் செகாவ் நிலம் வாங்கிக் குடியேறினார். காலரா பயம் வந்தபோது சம்பளமில்லாமல் 25 கிராமங்களுக்கு வைத்தியம் பார்த்தார். பள்ளிக்கூடங்கள் கட்டினார். 1897 ஜனவரியில் ருஷ்ய சாம்ராஜ்யம் முழுவதற்கும் முதல் பொது ஜனக்கணக்கு எடுத்தார்கள். (சாம்ராஜ்யத்துக்கு அதுவே கடைசியும் ஆயிற்று.) செகாவ் தம் பகுதியின் கணக்கெடுப்பாளர்களுக்கு மேற்பார்வையாளர். சர்க்கார் கொடுத்த மைக்கூட்டையும், பீர் புட்டி லேபிளைப் போலிருந்த வில்லையையும் கடிதத்தில் கேலி செய்திருக்கிறார். குடிசை குடிசையாக நுழைந்து, தாழ்ந்த நிலைகளில் தலையை இடித்துக்கொண்டார். சாம்ராஜ்யத்தில் சுமார் பன்னிரண்டரைக் கோடிப் பேர் என்றும், அவர்களில் நூற்றுக்கு 21 பேருக்குத்தான் எழுத்து வாசனை உண்டு என்றும் அந்தக் கணக்கு சொல்லிற்று.

அதே வருஷம் ஏப்ரலில் 'குடியானவர்கள்' கதை வெளிவந்தது. மாஸ்கோ ஹோட்டலில் பரிசாரகனாக இருந்த நிக்கலாய் நோயாளியாகி, மனைவி ஓல்காவோடும் பெண் சாஷாவோடும் கிராமத்துக்குத் திரும்புகிறான். வீட்டில் பெரியவர்கள் யாருமில்லை. அடுப்பின்மேல் ஒரு சிறுமி; கீழே ஒரு பூனை. பூனையைக் கூப்பிட்டால் வரவில்லை. அதற்குக் காது கேட்காதாம். ஏன்? அடித்தார்களாம். அவ்வளவுதான். அந்த வீட்டில் யார் யாரை எப்படி நடத்துவார்கள் என்பதற்கு வேறு முன்னுரை தேவையில்லை. வரிப் பாக்கிக்காகச் சமோவாரைத் தூக்கிக்கொண்டு போகிற இடத்திலும் ஆசிரியர் நம்மோடு சேர்ந்து அழுவதில்லை.

இந்தக் கதை ஜனங்களுக்கு இழைத்த பாவம் என்று டால்ஸ்டாய் சொன்னாராம். செகாவுக்கு ஜனங்களைத் தெரியாது என்பது அவர் கட்சி. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. டால்ஸ்டாயும் 1882-ல் மாஸ்கோவில் கணக்கெடுப்புக்குப் போனவர்தான். அங்கே கண்ட வறுமை அவரை உலுக்கி, நாம் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு புஸ்தகமே எழுத வைத்தது. அவர் குடியானவனிடம் தம் ஆத்மாவுக்கு ஒரு வழியைத் தேடினார். செகாவின் பாட்டனாரோ, பணம் கட்டித் தம்மை மீட்டுக்கொண்ட அடிமைக் குடியானவர். பேரனுக்குக் குடியானவனை வணங்க வேண்டிய அவசியமும் இல்லை, வெறுக்க வேண்டிய அவசியமும் இல்லை. குடிக்கிறார்கள், அடிக்கிறார்கள், பொய் சொல்கிறார்கள் என்று எழுதிவிட்டு, ஆனாலும் மனிதர்கள் என்று ஓல்காவை நினைக்கவும் வைக்கிறார். அந்த 'ஆனாலும்' டால்ஸ்டாயின் கண்ணில் படவில்லையா என்பதுதான் என் ஆச்சரியம்.

தணிக்கை அதிகாரி ஒரு பக்கத்தையே எடுத்துவிட்டார். சர்க்காருக்குக் கதை புரிந்திருந்தது என்று அர்த்தம்.

நிக்கலாய் இறந்தபின் ஓல்காவும் சாஷாவும் பிச்சை கேட்டுக்கொண்டு கிராமத்தை விட்டு நடக்கிறார்கள். அவர்களை மாஸ்கோவில் கொண்டுபோய்ச் சேர்த்துக் கதையைத் தொடரச் செகாவ் உத்தேசித்திருந்தார். இரண்டு அத்தியாயங்களின் நகல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 1899-ல் அவர் மெலிகோவோவை விட்டு யால்டாவுக்குப் போய்விட்டார்.