பூம்புகார் போனால் கடற்கரையோடு திரும்பாதீர்கள்!

காரைக்காலுக்கு வருகிற நண்பர்களிடம் நான் தவறாமல் சொல்வது இதைத்தான்: அம்மையார் கோயிலைப் பார்த்த கையோடு வண்டியை வடக்கே திருப்புங்கள். தரங்கம்பாடி, திருக்கடையூர் தாண்டினால் பூம்புகார். கூட்டமெல்லாம் கடற்கரைக்கும் சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்கும் போகும். நீங்கள் மேலையூரில் பல்லவனீச்சரம் சிவன் கோயில் பக்கம் இறங்கிக்கொள்ளுங்கள். அங்கே ஒரு பௌத்த விகாரமே அடித்தளத்தோடு கிடக்கிறது!

1960-களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டி வெளிக்கொணர்ந்தது. கி.பி. 4-5-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். வரிசையாகச் சதுர அறைகள்; முன்னால் எல்லா அறைக்கும் பொதுவாக ஒரு தாழ்வாரம். அவ்வளவுதான் அமைப்பு, ஆனால் என்ன தெளிவு! தனித்திருக்க அறை, கூடியிருக்கத் தாழ்வாரம். குனிந்து செங்கலைப் பாருங்கள். இன்றைய சூளைக்கல் அதன் பக்கத்தில் பொடிசு. கருங்கல் கிடைக்காத வண்டல் பூமி இது. களிமண்ணைச் சுட்டே மடம் எழுப்பியிருக்கிறார்கள்.

இங்கே கிடைத்த புத்தர் பாதம் இன்னும் அதிசயம். மங்கலச் சின்னங்கள் செதுக்கிய பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். கிருஷ்ணா நதிக்கரைக் கல் காவிரியின் முகத்துவாரம் வரை வந்திருக்கிறது! சின்னஞ்சிறு வெண்கலப் புத்தர் ஒருவரும் கிடைத்தார்.

புகாரில் ஏழு விகாரங்கள் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. உறையூர்க்காரரான பௌத்தத் துறவி புத்ததத்தர் 5-ஆம் நூற்றாண்டில் காவிரிப்பூம்பட்டினத்து (புகாரின் இன்னொரு பெயர்) விகாரம் ஒன்றில் தங்கித்தான் புத்தவம்சம் என்ற பௌத்த நூலுக்குப் பாலி மொழியில் உரை எழுதினார். இலங்கையும் பர்மாவும் இன்றும் போற்றும் உரை அது. அவர் இருந்தது இதே விகாரமா என்று யாரும் அறுதியிட முடியாது. ஆனாலும் அந்தத் தாழ்வாரத்தின் ஓரம் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

காரைக்காலுக்குத் தெற்கே நாகப்பட்டினத்திலும் ஒரு விகாரம் இருந்தது: ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசர்கள் எழுப்பிய சூடாமணி விகாரம். ஆனைமங்கலம் என்ற ஊரை அதற்கு எழுதிவைத்த செய்தி லெய்டன் செப்பேடுகளில் இருக்கிறது. நாகையில் எஞ்சி நின்ற மூன்றடுக்குச் செங்கல் கோபுரத்தை 1846-இல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் பார்த்தார், 1867-இல் இடித்துவிட்டார்கள். நாகையில் கிடைத்த வெண்கலப் புத்தர்கள் பலரைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

பல்லவனீச்சரத்தில் அறைகளின் அடித்தளமாவது நம் கண்முன் இருக்கிறதே! கட்டாயம் போய்ப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். சுவர்மேல் மட்டும் ஏறவிடாதீர்கள்.