தாளின் பின்பக்கம்

மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் சில நாட்கள் ஒரு தாள் தொங்கியது. கோடுபோட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்த ஒரு நாளில் மூன்று அம்மன்களையும் காரில் போய்ப் பார்த்து வருவதற்கான திட்டம் அதில் இருந்தது. காலையில் மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடை அம்மன், உச்சிவேளையில் திருவொற்றியூரில் வடிவுடை அம்மன், மாலையில் திருமுல்லைவாயிலில் கொடியிடை அம்மன். வடசென்னையிலும் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்திலும் வாழும் பெண்களுக்கு இந்தப் பெயர்களை விளக்க வேண்டியதில்லை. முறையே இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்பார்கள். ஒரே நாளில் மூவரையும் பார்த்தால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை.

தாளின் முன்பக்கத்தை எழுதியவர் என் கொழுந்தனார். நீல மையில், எண் போட்டு எழுதியிருந்தார். 5.30 புறப்பாடு. 7.00 மேலூர். 11.00 திருவொற்றியூர். மதியம் சாப்பாடு, ஓய்வு. 5.00 திருமுல்லைவாயில். 7.00 வீடு. கீழே டீசலுக்கும் டோலுக்கும் ஒரு தொகை. எல்லாம் சேர்ந்து நூறு கிலோமீட்டருக்குள் அடங்கும் பயணம். எட்டே வரி.

பின்பக்கம் என் மாமியாருடையது. பென்சிலில், இடம் போதாமல் ஓரங்களிலும் எழுதியிருந்தார். புளிசோறுக்கு அரிசி ஒரு கிலோ. பெரியத்தைக்குக் காரம் ஆகாது, தயிர்சாதம் தனி டப்பா. சுகர் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால். மூன்று கோயிலுக்கும் மூன்று தட்டு: தேங்காய், பழம், வெற்றிலைபாக்கு, மஞ்சள், குங்குமம். பூ ஆறு முழம். வாந்திக்குக் கவர். பழைய துண்டு இரண்டு. பால்காரரிடம் சொல்ல வேண்டும். கோலத்தை முந்தின ராத்திரியே போட்டுவிட வேண்டும். பங்க்கில் பாத்ரூம் எங்கே சுத்தமாக இருக்கும், விசாரி. எல்லாவற்றுக்கும் கடைசியில், கேள்விக்குறியோடு ஒரு வரி: சின்னவளுக்குத் தேதி?

வகுப்பில் மாணவிகளுக்கு ஒரு பிரதியை எப்படி வாசிப்பது என்று சொல்லித் தருகிறேன். யார் பேசுகிறார்கள், யாருக்காகப் பேசுகிறார்கள், எது சொல்லாமல் விடப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள் என்பேன். அதே கேள்விகளோடு இந்தத் தாளையும் வாசித்துப் பார்த்தேன். வீட்டில் எல்லோரும் முன்பக்கத்தை 'பிளான்' என்றார்கள். பின்பக்கத்துக்கு 'லிஸ்ட்' என்று பெயர். "பிளான் எல்லாம் தம்பி போட்டுட்டான், நீங்க லிஸ்ட்டை மட்டும் பார்த்துக்கோங்க" என்றார் என் கணவர். இந்த 'மட்டும்' என்ற சொல்லில்தான் என் வாசிப்பு தொடங்கியது.

முன்பக்கத்தைக் கிழித்துப் போட்டாலும் பயணம் நடந்துவிடும். வழியை போன் சொல்லும், நடை திறக்கும் நேரத்தைக் கோயிலில் கேட்டுக்கொள்ளலாம். பின்பக்கம் இல்லாமல் பயணம் நடக்காது. சர்க்கரை மாத்திரை மறந்துபோனால் பதினோரு மணிக்கு வரிசையில் ஒருவர் மயங்குவார். பெரியத்தை புளிசோறு சாப்பிட்டால் மாலை தரிசனம் இல்லை. ஏழு பேரின் உடல்களை அறிந்தவர் ஒருவர்தான் அந்தப் பக்கத்தை எழுத முடியும். மூன்று அம்மன்களையும் பார்க்க வேண்டும் என்ற இச்சை என் மாமியாருடையது. யாருக்கு எது ஆகும், எது ஆகாது என்ற ஞானமும் அவருடையது. விடிகாலை மூன்றரைக்கு எழுந்து புளிக்காய்ச்சல் கிளறும் கிரியையும் அவருடையதுதான். ஆனாலும் திட்டமிட்டவர் என்ற பெயர் நீல மைக்குப் போனது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி 2019இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். குடும்பத்தில் மனம் செய்யும் வேலையை அவர் நான்கு படிகளாகப் பிரிக்கிறார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முதல் படியும் கடைசிப் படியும் பெரும்பாலும் பெண்களின் தலையில் இருந்தன. முடிவெடுக்கும் படிக்கு மட்டும் ஆண்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அதே 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள் என்றது. ஈடுபடும் ஆண்களுக்கு 97 நிமிடம். புளி கரைக்கும் நேரம் இந்தக் கணக்கில் வரும். பூ கட்டிக்கொண்டே 'பெரியத்தைக்குக் காரம் ஆகாதே' என்று நினைத்துக்கொள்ளும் நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இந்த மூன்று கோயில்களைச் சுற்றி வழங்கும் கதைகளிலும் இந்தப் பின்பக்கம் இருக்கிறது. வள்ளலாரின் இளமைக் கதை ஒன்றை எல்லோரும் கேட்டிருப்போம். திருவொற்றியூர்க் கோயிலுக்குப் போய்விட்டு ஓர் இரவு நேரம்கழித்து வருகிறார் இராமலிங்கர். வீடு சாத்தியிருக்கிறது. யாரையும் எழுப்பாமல் பசியோடு திண்ணையில் படுத்துவிடுகிறார். அண்ணி வந்து எழுப்பிச் சோறு போட்டுவிட்டுப் போகிறார். சற்று நேரத்தில் உண்மையான அண்ணி கதவைத் திறந்து சாப்பிடக் கூப்பிடும்போதுதான், முதலில் வந்தவள் வடிவுடை அம்மன் என்று தெரிகிறது. அந்த அம்மன் மீது 101 பாடல்கள் கொண்ட வடிவுடை மாணிக்கமாலையைப் பாடியவர் அவர்.

சிறுவயதில் இந்தக் கதையைக் கேட்டு அழுதிருக்கிறேன். இன்றும் எனக்கு இது பிடித்த கதைதான். ஆனால் இப்போது கேட்கும்போது என் கண் இரண்டாவது அண்ணி மேல் போய் நிற்கிறது. ஞான சக்தி என்று நாம் கும்பிடும் தெய்வம் ஓர் அடியவரைத் தேடி வரும்போதும் சோற்றுத் தட்டோடு அண்ணி உருவில்தான் வரவேண்டியிருக்கிறது. அந்த உருவில் வந்தால்தான் நள்ளிரவில் சோறு போடுவது யாருக்கும் வியப்பாக இருக்காது. வியப்பில்லாத அந்த வேலையை நாள்தோறும் செய்தவள், நேரம்கழித்தும் சோற்றை எடுத்து வைத்துக்கொண்டு வந்தவள், கதையில் சாட்சியாக மட்டும் நிற்கிறாள். அம்மன் ஒரு முறை போட்ட சோறு அற்புதமாகப் பேசப்படுகிறது. அண்ணி தினமும் போட்ட சோறு பென்சிலில் எழுதப்பட்டது.

திருவொற்றியூருக்கு இன்னொரு கதையும் உண்டு. ஞாயிறு என்ற ஊரில் பிறந்த சங்கிலியார் திருமணம் வேண்டாம் என்று ஒற்றியூர் வந்து, கன்னிமாடத்தில் இருந்துகொண்டு இறைவனுக்குப் பூமாலை தொடுக்கிறார். சுந்தரர் அவரைப் பார்க்கிறார், மணக்க விரும்புகிறார். பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தரவேண்டும் என்பது சங்கிலியாரின் நிபந்தனை. சுந்தரர் ஓர் உபாயம் செய்கிறார். சந்நிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் மகிழமரத்தடிக்குப் போய்விடும் என்று சிவனிடம் கேட்டுக்கொள்கிறார். சிவனே அதைச் சங்கிலியாருக்குக் கனவில் சொல்லிவிட, மகிழமரத்தடியிலேயே சத்தியம் செய்யுங்கள் என்று பெண்கள் கேட்கிறார்கள். வேறு வழியின்றி அங்கேயே சத்தியம் செய்கிறார். பிறகு திருவாரூர் நினைவும் பரவையார் நினைவும் வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். தாண்டியதும் கண்பார்வை போகிறது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக இன்றும் இது கொண்டாடப்படுகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதை ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் வைத்துச் சொல்கிறார். பார்வை இழந்த சுந்தரர் முதலில் வந்து சேரும் தலம் வடதிருமுல்லைவாயில். அங்கே அவர் பாடிய பதிகத்தில் சங்கிலியின் பெயர் வருகிறது. பிறகு வெண்பாக்கம், ஆலங்காடு, காஞ்சி என்று அவர் போகிறார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறுகண்ணும் திரும்பக் கிடைக்கின்றன. ஒற்றியூரிலிருந்து முல்லைவாயிலுக்கு என்றால் அது எங்கள் தாளின் முன்பக்கத்தில் உள்ள கடைசிப் பயணம்தான். நாங்கள் ஏ.சி. போட்டுக்கொண்டு போகவிருந்த திசையில் அவர் தடுமாறிப் போயிருக்கிறார்.

புராணமும் அவரோடேயே போகிறது. அவர் எங்கே நின்றார், என்ன பாடினார், எங்கே ஊன்றுகோல் கிடைத்தது எல்லாம் நமக்குத் தெரியும். கன்னிமாடத்தையும் விட்டு, மணவாளனும் போய்விட்ட அந்தப் பெண் அடுத்த நாள் காலையில் என்ன செய்தார்? மறுபடி பூத்தொடுக்கப் போனாரா? வெள்ளானைச் சருக்கத்தில் எல்லாம் முடியும்போது, பரவையாரும் சங்கிலியாரும் கயிலையில் உமையம்மையின் சேடியராகத் தம் பழைய பணிக்குத் திரும்புகிறார்கள். பயணம் முழுவதும் ஆணுக்கு. பணியிலிருந்து பணிக்குத் திரும்புவது பெண்ணுக்கு. சேக்கிழார் சங்கிலியாரைச் சிறுமைப்படுத்தவில்லை. மகிழமரத்தடியில் அவர் பெறும் வெற்றியைக் குறையில்லாமல்தான் சொல்கிறார். ஆனால் கதையின் வண்டியில் அவருக்கு இருக்கை இல்லை.

இருக்கை என்றதும் எங்கள் வண்டிக்கு வருகிறேன். ஏழு பேர் உட்காரும் வண்டி. மாமியாருக்குக் காரில் குமட்டும். முன்னால் உட்கார்ந்தால் குமட்டாது. எல்லோருக்கும் தெரிந்த இந்த உண்மைக்குப் பின்பக்கத்தில் கிடைத்த தீர்வு 'வாந்திக்குக் கவர்'. முன் இருக்கை என் கணவருக்கு, வழி சொல்வதற்காக. வழி சொல்வது போனிலிருக்கும் பெண்குரல் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

சொந்தக் காரைக் குறை சொல்வது எனக்கு எளிது, முழங்கால் நல்லபடியாக இருப்பதால். இந்த மூன்று தலங்களையும் ரயிலிலேயே பார்க்கலாம். மீஞ்சூரும் திருவொற்றியூரும் கும்மிடிப்பூண்டித் தடத்தில் இருக்கின்றன, திருமுல்லைவாயில் அரக்கோணம் தடத்தில். எங்களுக்குப் பட்டரவாக்கம் நிலையம் பக்கம். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. திருவேற்காட்டுக்கும் மாங்காட்டுக்கும் எலுமிச்சம்பழத்தோடு தனியாகவும் கூட்டமாகவும் போய்வரும் பெண்கள் யாரிடமும் 'பிளான்' கேட்பதில்லை. ஆனால் எழுபதைத் தாண்டிய மாமியாரால் பேசின் பிரிட்ஜில் படியேறி ரயில் மாற முடியாது. மணலிச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பேருந்தில் நிற்கவும் முடியாது. கார் அவருக்கு வரம். ஆனால் கார் ஓடுகிற வீடும்கூட. வீட்டில் யார் எங்கே என்பதை அப்படியே சக்கரத்தின் மேல் ஏற்றிக்கொண்டு போகிறது. பேருந்திலோ ரயிலிலோ நம் மாதவிலக்குத் தேதியை யாரும் கேட்பதில்லை. காரில் இருக்கை எண்ணும்போது அதுவும் எண்ணப்படுகிறது.

அதனால்தான் அந்தக் கடைசி வரி. சின்னவள் என் ஓரகத்தியின் மகள், பிளஸ் டூ படிக்கிறாள். பௌர்ணமியை மாற்ற முடியாது, வெள்ளிக்கிழமையை மாற்ற முடியாது, கொழுந்தனாரின் லீவை மாற்ற முடியாது. மாற்றக்கூடியதாக எல்லோருக்கும் தெரிந்தது ஒன்றுதான். "மாத்திரை போட்டுத் தள்ளிக்கலாமே, எல்லாரும் செய்றதுதானே" என்றாள் ஓரகத்தி. அவளைக் குறை சொல்ல மாட்டேன். மகளை வீட்டில் தனியாக விட்டுப்போக மனமில்லாத தாய் அவள்.

அந்த மாத்திரையை நானும் போட்டிருக்கிறேன். ஊரில் ஒரு கும்பாபிஷேகத்துக்காக, சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கி. நிறுத்திய பிறகு வந்த போக்கு பன்னிரண்டு நாள் நிற்கவில்லை. கல்லூரியில் நின்றுகொண்டே பாடம் எடுத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. நார்எதிஸ்டெரோன் என்பது ஒரு ஹார்மோன். மருத்துவர் உடல்நிலையைக் கேட்டறிந்து எழுதித் தர வேண்டியது. இரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் ஈரல்நோய் உள்ளவர்களுக்கும் ஆகாதது. கோயில் சீசனில் அது காய்ச்சல் மாத்திரை போலக் கைமாறுகிறது.

இதில் என்னை உறுத்துவது, நாம் பார்க்கப் போவது பெண் தெய்வம் என்பதுதான். அசாமின் காமாக்யாவில் ஆண்டுதோறும் தேவிக்கு மாதவிலக்கு என்று மூன்று நாள் நடை சாத்துகிறார்கள். பிறகு சிவப்புத் துணியைப் பிரசாதமாக வாங்க இலட்சக்கணக்கில் வந்து நிற்கிறார்கள். கேரளத்தின் செங்ஙன்னூரில் தேவியின் பூப்பு நீராட்டு ஒரு விழா. இங்கே பக்கத்திலேயே மேல்மருவத்தூரில் மாதவிலக்கு நாட்களிலும் பெண்கள் போகலாம், கருவறையில் வழிபாடு செய்யலாம் என்பதைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறோம். தெய்வத்தின் இரத்தம் திருவிழா. பதினேழு வயதுப் பெண்ணின் இரத்தம் திட்டத்தில் ஒரு தடங்கல்.

அன்று இரவு சமையலறையில் மாமியாரிடம் என் பன்னிரண்டு நாள் கதையைச் சொன்னேன். முதல்முறையாக. கேட்டுக்கொண்டே பூண்டு உரித்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு, "மூணு அம்மனும் ஒரே கல்லுதான், தெரியுமில்ல?" என்றார். தெரியும். சிற்பி எடுத்து வந்த கல் உருண்டு மூன்றாக உடைந்தது. அவன் உயிரை விடப் போனான். அம்மன் வந்து தடுத்து, மூன்றிலும் என்னைச் செய் என்றாள்.

"உடைஞ்ச கல்லையே வேணாம்னு சொல்லலை அவ. இந்தப் பொண்ணை வேணாம்னா சொல்லப்போறா?"

நான் முப்பது பக்கம் எழுதியிருக்கக்கூடிய வாதத்தை அவர் இரண்டு வரியில் முடித்தார். ஆனாலும் ஒன்றை இங்கே பதிவு செய்யவேண்டும். 'உடைந்த' என்ற சொல் எனக்குச் சம்மதமில்லை. மாதந்தோறும் நடப்பது உடைசல் இல்லை. அதை அவரிடம் சொன்னேன். "உன் பாஷை உனக்கு" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போய், பென்சிலை எடுத்து அந்தக் கடைசி வரியை அடித்தார்.

மறுநாள் நான் புதிய தாள் ஒன்றில் இரண்டு பக்கத்தையும் ஒரே பக்கத்தில் எழுதினேன். நேரமும் கிலோமீட்டரும் புளிசோறும் மாத்திரையும் பூவும் ஒரே வரிசையில். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு பெயர். தேங்காய் பழத்துக்குக் கொழுந்தனார். தண்ணீர் கேனுக்கும் பாத்ரூம் விசாரிப்பதற்கும் என் கணவர். முன் இருக்கைக்கு நேரே மாமியாரின் பெயர். கொழுந்தனார் பார்த்துவிட்டு, "இவ்ளோ வேலையா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. முப்பத்தெட்டு வயதில்.

பயணம் நடந்தது. தேங்காய் இரண்டுதான் வாங்கி வந்தார். மூன்றாவதை ஒற்றியூர்க் கோயில் வாசலில் வாங்கிக்கொண்டோம். மாமியாருக்குக் குமட்டவில்லை. சின்னவள் வந்தாளா, எந்த நிலையில் வந்தாள் என்பதை எழுத மாட்டேன். அது எந்தத் தாளிலும் இருக்கவேண்டியதில்லை.