ஊது: மரமும் நரம்பும் மணமும்

அரபு இலக்கிய நூல்களைத் தமிழாக்குவோரிடையே ஒரு வழக்கம் நிலைபெற்றுவிட்டது. 'ஊது' என்னும் இசைக்கருவி எதிர்ப்படும் இடமெல்லாம் 'வீணை' என்றோ 'யாழ்' என்றோ எழுதிச் சென்றுவிடுகின்றனர். யாழ், நரம்பு ஒன்றுக்குச் சுரம் ஒன்றென அமைந்தது. வீணையோ நீண்ட தண்டில் மெட்டுகள் பதித்தது. குறுகிய கழுத்தும், பிளந்த பேரிக்காய் போன்ற குடமும், பின்னோக்கி மடிந்த தலையும் உடைய ஊது இவ்விரண்டும் அன்று. கருவியின் பெயரை அப்படியே வைத்து, முதன்முறை வருமிடத்தில் ஒரு வரி விளக்கம் தந்தால் போதுமே!

சொல்லின் பொருட்பரப்பு இதனினும் பெரிய இடர். ஊது என்பதற்கு மரம், குச்சி, கழி என்பன அடிப்படைப் பொருள்கள். குழப்பங்கள் உள்ளங்களின்மீது பாய் முடைவதுபோல் ஒவ்வொன்றாக வந்து படியும் என ஹுதைஃபா (ரலி) வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் நபிமொழியில் இச்சொல் பாயின் கோரையைக் குறிக்கிறது. புகாரியில் மருந்தாகச் சொல்லப்படும் 'ஊது ஹிந்தீ' கோஷ்டம். அத்தர் வணிகரிடம் கேட்டால் ஊது என்பது அகிற்கட்டை. எம் மாணவர் ஒருவர், விருந்தவையில் ஊது எரித்ததாக வரும் வரியை 'யாழைக் கொளுத்தினர்' என்று எழுதி வந்தார். வகுப்பு சிரித்தது, நாம் சிரிக்கவில்லை. அச்சேறிய நூல்களிலும் இத்தகைய பிழைகளைக் கண்டிருக்கிறோமே!

இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பு இங்கு நம் பொருளன்று. சொல்லின் பயணமே பொருள். கி.பி. 822இல் குர்துபா வந்தடைந்த ஸிர்யாப் ஊதுக்கு ஐந்தாம் நரம்பு சேர்த்ததாக மக்கரீ எழுதுகிறார். அந்தலூஸ் மண்ணில் வேரூன்றிய அக்கருவியின் பெயர் போர்த்துக்கீசியத்தில் 'அலாவூத்' என முழுமையாக நிற்கிறது. ஸ்பானியத்தில் 'லாவூத்', இத்தாலியத்தில் 'லியூதோ', ஆங்கிலத்தில் 'லூட்'. இவற்றின் முதலெழுத்தான லகரம் கருவிக்குரியதன்று. 'அல்' என்னும் அரபுச் சுட்டின் எச்சம். ஐன் கமரிய்யா எழுத்தாதலால் லாம் ஒலித்தது, ஒலித்ததால் பிழைத்தது. ஷம்ஸிய்யா எழுத்தில் தொடங்கும் 'அஸ்ஸுக்கர்' ஸ்பானியத்தில் 'அஸூகார்' ஆனபோது லாம் காணாமற்போனதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் மத்ரஸாக்களில் முதலாண்டில் மனனம் செய்விக்கும் ஒரு விதி, ஐரோப்பிய அகராதிகளில் இவ்வாறு பதிந்து கிடக்கிறது.

இனி, ஊது என்னும் பெயர் ஏன்? தோல் போர்த்த முகப்புடைய பழங்கருவிகளினின்று வேறுபடுத்தவே, மரமுகப்புடைய இதனை 'மரம்' என்றனர் என்பது பலரும் ஏற்ற விளக்கம். நரம்பைக் குறிக்கும் 'ரூத்' என்னும் பாரசீகச் சொல்லே அரபியில் ஊது ஆயிற்று என்பது எக்கார்ட் நொய்பவர் முன்வைத்த கருத்து. பாரசீகரின் பர்பத் இக்கருவியின் நெருங்கிய உறவு என்பதால் இதனைப் புறந்தள்ள இயலாது. ஆயினும் ரகரம் அரபியிலும் இருக்க, அது ஐனாக மாற வேண்டிய தேவை என்ன என்ற வினாவுக்கு நிறைவான விடை கிடைக்கும்வரை நாம் முதல் விளக்கத்தின் பக்கமே நிற்போம்.

ஐரோப்பியக் கருவிகள் யாவும் அரபியரின் கொடை என முழங்கும் கட்டுரைகள் நம்மவரிடையே மிகுதி. 'கீதாரா' கிரேக்கரின் கிதாராவிலிருந்து அரபிக்கு வந்தது. 'கானூன்' என்னும் கருவிப் பெயரும் கிரேக்கமே. இப்னு ஸீனாவின் மருத்துவ நூல் தலைப்பிலுள்ள சொல்லும் அதுவே. கொடுத்ததைப் பாடுவோர் கொண்டதை ஏன் மறைக்க வேண்டும்?

தமிழுக்கும் ஊது வந்தது, ஆனால் நரம்பின்றி வந்தது. உருதுவின் 'ஊத் பத்தி' இங்கே ஊதுபத்தி ஆனபோது, அகிலை அறியாத செவி அதனைப் புகை ஊதும் பத்தியென்று கொண்டது. இன்று கடையில் வாங்கும் பத்தியில் மல்லிகை மணக்கிறது, சந்தனம் மணக்கிறது. பெயரில் மட்டுமே ஊது இருக்கிறது.