பல்கேரியத்தில் 'ஜெண்டர்' பட்ட பாடு

ஒரே ஆங்கிலச் சொல் பல பொருளில் வந்தால், இடத்துக்கு ஒரு சொல்லாகப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பாளர்கள் பரவலாகக் கையாளும் முறை. கதையில் அதனால் நடை அழகு பெறும். சட்டத்தில் என்ன ஆகும் என்பதை 'ஜெண்டர்' பல்கேரியாவில் காட்டியது.

பல்கேரிய மொழியில் இலக்கணப் பாலுக்கு 'ரோத்' என்று பெயர். குலத்தையும் அதே சொல்தான் குறிக்கும். உடல்சார்ந்த பாலுக்கு 'பொல்'. ஆங்கில ஜெண்டரோ நெடுங்காலம் இலக்கணச் சொல்லாக இருந்து, 1955இல் உளவியலாளர் ஜான் மனியின் ஆய்வுக்கும் 1972இல் சமூகவியலாளர் ஆன் ஓக்லியின் நூலுக்கும் பிறகு, ஆணும் பெண்ணும் எப்படி நடக்க வேண்டும் எனச் சமூகம் வகுத்ததையும் சுட்டத் தொடங்கியது. அன்றாடப் பேச்சில் உடல்சார்ந்த பாலும் அதுவே.

பிரித்துப் பெயர்ப்பது பல இடங்களில் நன்றாகவே பலித்தது. பல்கேரியாவில் 2016இல் வந்த சமத்துவச் சட்டம் 'பெண்கள், ஆண்கள்' என்றே தலைப்பிட்டுக்கொண்டது. எவரும் இடறவில்லை.

இஸ்தான்புல் உடன்படிக்கையில்தான் முறை முறிந்தது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க 2011இல் உருவான அந்த ஒப்பந்தம், ஜெண்டரைச் சமூகம் கட்டிய பாத்திரங்கள் என்று வரையறுத்து, உடல்சார்ந்த பாலிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. பல்கேரியத்தில் 'பொல்' என்ற பழைய சொல்லும் 'சொத்சியாலென் பொல்', அதாவது 'சமூகப் பால்', என்ற புதுச்சேர்க்கையும் கலந்து வந்தன. வரையறை ஊன்ற வேண்டிய இடத்தில் சொல்லே இரண்டாகப் பிளந்து நின்றது. அரசமைப்புச் சட்டமும் 'பொல்' என்றே பேசுவதால் குழப்பம் நேரே நீதிமன்றம் போய்ச் சேர்ந்தது. 2018 ஜூலை 27 அன்று எட்டுக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், உடன்படிக்கை அரசமைப்புக்கு முரணானது என்று அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் 'ஜெண்டர்' தெருவில் வசைச்சொல்லாகிவிட்டிருந்தது.

பழி முழுவதையும் மொழிபெயர்ப்பின் மேல் சுமத்த முடியாது. குரோவேசியம் ஜெண்டருக்கு 'ரோத்' என்பதையும், உடல்சார்ந்த பாலுக்கு 'ஸ்பொல்' என்பதையும் தனித்தனியே வைத்திருக்கிறது. அங்கும் 2018இல் பெரும் எதிர்ப்பு ஊர்வலங்கள் நடந்தன. ஆனாலும் நாடாளுமன்றம் உடன்படிக்கையை ஏற்றது. தெளிவான சொல் அரசியல் பகையைத் தணித்துவிடாது. பகைக்குச் சட்டக் காரணம் ஒன்றை எடுத்துக் கொடுக்காமல் இருக்க அதனால் முடியும். பல்கேரிய மொழிபெயர்ப்பு அந்தக் காரணத்தைக் கொடுத்துவிட்டது என்பதே அதன் மீதான கடுமையான குறை.

'ரோத்' என்பதையே எடுத்து வரையறையோடு பழக்கியிருக்கலாம் என்ற வாதம் வலுவானது. உறவுமொழிகள் அதைச் செய்து காட்டியுள்ளன. 'குலம்' என்ற பொருள் முதலில் காதில் உறுத்தும் என்பது உண்மை. ஆனால் சட்டச் சொல்லுக்குப் பொருள் தருவது வரையறைதான், அந்த உறுத்தல் சில ஆண்டுகளில் மறைந்துவிடும். 'சமூகப் பால்' போன்ற சேர்க்கைக்கான வாய்ப்போ இப்போது குறுகிவிட்டது. 2021 அக்டோபர் 26இல் அதே நீதிமன்றம், அரசமைப்பில் வரும் 'பொல்' என்பதற்கு உயிரியல் பொருள் மட்டுமே உண்டு என்று விளக்கம் அளித்தது. இனி 'பொல்' என்பதன் மேல் எந்த அடைமொழியை ஒட்டினாலும் அந்த விளக்கத்தோடு மோத வேண்டியிருக்கும்.