வடமேற்கு வெளிச்சம்

ஒரு தேசப்படத்தை ரசிக்க வேண்டுமானால், அதை எழுதியவர் எதையெல்லாம் விட்டுவிட்டார் என்று பார்ப்பதே உத்தமமான வழி என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். 50,000-ல் ஒரு பங்காகச் சுருக்கிய படத்தில் சாலையொன்றை ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு இழுத்தால் அந்தக் கோடு நிலத்தில் 50 மீட்டரை அடைத்துக்கொள்கிறது. நிஜச் சாலையோ பெரும்பாலும் 7 மீட்டர்கூட இராது. ஆகையால் சாலையோரத்து வீடுகளில் சிலவற்றைச் சற்றே தள்ளி வைத்து, சிலவற்றை ஒன்றாகச் சேர்த்து, பலவற்றை அழித்தேவிட வேண்டியிருக்கிறது. இத்தனை பொய்களையும் நாணயமாகச் சொல்லி, வழிப்போக்கனைச் சரியான ஊரில் கொண்டு சேர்க்கிறவனே தேர்ந்த வரைபடக்காரன்.

காகிதத்தில் இந்தத் தியாகத்தை ஒரு முறை செய்தால் போதும். விரலால் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் பார்க்கிற டிஜிட்டல் படத்திலோ, ஏறக்குறைய இருபது தளங்களில், தளத்துக்குத் தளம் வெவ்வேறு விதமாக அதைச் செய்தாக வேண்டும். பக்கத்துக்கு 256 புள்ளிகள் கொண்ட ஒரே சதுரத் துண்டில் பூலோகம் முழுவதும் அடங்குவது பூஜ்யத் தளம். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒவ்வொரு துண்டும் நான்காகப் பிரிந்து, பதினெட்டாவது தளத்தில் துண்டுகளின் தொகை 6,870 கோடியைத் தாண்டிவிடுகிறது. 2005-ல் கூகுள் மேப்ஸ் வந்தது முதல் ஜனங்களுக்குப் பழகிப்போன ஏற்பாடு இது. இதன் கணிதம் பிரமிக்கத்தக்கதுதான். ஆயினும் ரசிகனின் கண் வேறிடத்தில் இருக்க வேண்டும். ஒரு தாலுகா ஊரின் பெயர் எந்தத் தளத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது, ஒற்றைக் கோடாக வந்துகொண்டிருந்த ஆறு எந்த இடத்தில் இரண்டு கரைகளாக விரிகிறது, புதுப்பெயர்கள் வந்து நெருக்கும்போது பழைய பெயர் தன் இடத்தை விட்டு அசையாமல் நிற்கிறதா என்பவற்றையெல்லாம் கவனிப்பது, ராகத்தை விஸ்தரிக்கும் வித்துவான் மேல் ஷட்ஜத்தை எப்போது தொடுவார் என்று காத்திருக்கும் சுகத்துக்கு ஒப்பானது. படம் திறந்தவுடனே நூறு குண்டூசிகளையும் பத்துப் பொத்தான்களையும் முகத்தில் வாரி இறைக்கிறவர்களுக்கு இந்த சுகம் இன்னதென்று தெரியாது.

மலையை எழுதுவதில்தான் இக்கலை தன் சிகரத்தைத் தொட்டது என்பேன். ஜூரிச் நகரத்து சமஷ்டித் தொழில்நுட்பக் கலாசாலையில் 1925-ல் வரைபடக் கலைக்கென்றே ஒரு நிலையத்தை ஸ்தாபித்த எட்வார்ட் இம்ஹோஃப் (1895–1986) மலையேறி, நீர்வர்ணச் சித்திரக்காரரும்கூட. வானத்திலிருந்து கீழே நோக்குகிறவனுக்குச் சிகரம் சமீபத்திலும் பள்ளத்தாக்கு தூரத்திலும் இருக்கும் அல்லவா? அதனால் உச்சியில் வெளிச்சத்தையும் நிழலையும் கூர்மையாக மோதவிட்டு, கீழே இறங்க இறங்க அவற்றின் வேற்றுமையைத் தணித்து, சமவெளியில் நீலம் கலந்த மெல்லிய மூட்டத்தைப் பரப்பினார். 1965-ல் அவர் வெளியிட்ட, நிலத்தோற்றம் தீட்டுவது பற்றிய நூலை இத்துறையினர் இன்றும் பக்தியோடு புரட்டுகிறார்கள்.

இப்படங்களில் வெளிச்சம் வடமேற்கிலிருந்து, அதாவது படத்தின் இடது மேல்மூலையிலிருந்து விழுவது சம்பிரதாயம். ஸ்விட்ஸர்லாந்தின் ஆகாயத்தில் சூரியன் ஒருநாளும் அந்தத் திக்கில் உயர்ந்து நிற்பதில்லை. (ஆனி மாதத்துப் பிற்பகலில், மேற்கே சாயும் சூரியன் சற்று வடக்கே ஒதுங்கி நிற்பதைக் காணும் பாக்கியம் நீலகிரிவாசிகளுக்கு உண்டு.) இல்லாத சூரியனை ஏன் வரவழைத்தார்கள் என்றால், வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் பிடிவாதமாக நம்புவதால்தான். கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் இதைக் கையோடு சோதித்துப் பார்க்கலாம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ராடார் கொண்டு அளந்த உயர அளவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைக் கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளில் ஏற்றி, நீலகிரிக்கு வடக்கே மோயாறு ஓடும் பள்ளத்தை நிழலிட்டு, வெளிச்சத்தின் திசையை வடமேற்கான 315 பாகையிலிருந்து தென்கிழக்கான 135-க்குத் திருப்பினால், ஓர் அளவும் மாறாதிருக்கையிலேயே, பார்க்கிறவர் பலருக்கு அந்தப் பள்ளம் நீண்ட மதிலாக எழும்பிவிடும். எத்தனை பிரசங்கம் கேட்டாலும் ஏறாத பாடம் இந்த ஒரு திருப்பலில் ஏறிவிடுகிறது.

வர்ணத்துக்கும் இப்படிப்பட்ட நியதிகள் உண்டு. குறைவிலிருந்து மிகுதிக்கு ஏறும் தொகையை வானவில்லின் ஏழு நிறத்திலும் தீட்டுவது அநாகரிகம் என்றே சொல்வேன். மஞ்சளுக்கும் ஊதாவுக்கும் எது பெரியது என்று கண் எப்படிக் கண்டுபிடிக்கும்? அமெரிக்கப் பேராசிரியை சிந்தியா ப்ரூவர், வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்குப் படிப்படியாக ஏறும் வர்ண வரிசைகளையும், நடுவிலிருந்து இருபுறமும் பிரியும் வரிசைகளையும் ‘கலர்ப்ரூவர்’ என்ற பெயரில் தொகுத்து யாவருக்கும் வழங்கியது பெரிய உபகாரம்.

மெர்க்கேட்டரை வைகிறவர்களோடு மட்டும் நான் சேருவதில்லை. உருண்டைப் பூமியைத் தட்டையான படமாக விரிக்க 1569-ல் அவர் மாலுமிகளுக்கென்று வகுத்த முறையில், கிரீன்லாந்தைப்போல் பதினான்கு மடங்கு பெரிய ஆப்பிரிக்கா அதற்குச் சமமாகத் தோன்றுவது அநியாயம்தான். ஆனால் தெருவளவுக்கு இறங்கிப் பார்க்கும்போது நாற்சந்தியின் செங்கோணம் உலகில் எங்கும் செங்கோணமாகவே நிற்பதும் அதே முறையின் உபயம். கைப்பேசியில் வழி தேடுகிறவனுக்கு வேண்டியது அந்தச் செங்கோணம்.

சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டேமன் நிறுவனத்தார் 2012-ல் வெளியிட்ட ‘வாட்டர்கலர்’ படம், விட்டுவிடும் கலையை அதன் எல்லைக்கே கொண்டுபோயிற்று. நிஜமாகவே காகிதத்தில் வர்ணம் தோய்த்து ஒற்றிய தடங்களை எடுத்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு உலகெங்கும் தன்னார்வலர் சேர்த்த விவரங்களின்மேல் கணினியால் பூசவைத்தார்கள். அதில் ஓர் ஊருக்கும் பெயர் எழுதவில்லை. எனினும் வெனிஸும் மன்ஹாட்டனும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரிகின்றன. நியூயார்க்கின் கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகம் 2021-ல் இதைத் தன் சேகரத்தில் ஏற்றுக்கொண்டபோது, இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் இணையதளத்தையே அப்படியே எடுத்துக்கொண்டது. அந்நிலையத்தின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டியிருந்தால் பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஒரு தளம்தான் கிடைத்திருக்கும், மற்றத் தளங்களில் எவை மறைந்து எவை முளைக்கின்றன என்பது தெரிந்திராது.