தவறுக்கு விலை வைக்கும் பாடம்

இணையவழி மொழிப் பாடங்களை உருவாக்குவோர் இரண்டு அக்கறைகளைத் தனித்தனியே வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. பாடம் கற்பவரை ஈர்க்க வேண்டும் என்பது ஒன்று. எல்லோருக்கும் அதில் இடம் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதற்காகப் புள்ளிகள், பதக்கங்கள், போட்டிப் பட்டியல் எல்லாம் வந்துசேர்கின்றன. இரண்டாவதற்காக, காலமும் பணமும் மிஞ்சினால், எழுத்தைப் பெரிதாக்கும் வசதி ஒன்று கடைசியில் ஒட்டப்படுகிறது. இந்தப் பிரிவினையே பிழை என்பது என் கருத்து. ஈர்ப்பு யாரை மனத்தில் வைத்து அமைக்கப்படுகிறதோ அவருக்கே அது ஈர்ப்பு. மற்றவரை அதுவே வெளியே தள்ளிவிடுகிறது. இதை ஆராய டியோலிங்கோவைவிடப் பொருத்தமான செயலி இல்லை. மொழிச் செயலி செய்ய முனையும் எவரும் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான்.

அதன் சாதனையைக் குறைத்துச் சொல்ல முடியாது. குவாத்தமாலாவில் பிறந்த லூயிஸ் வான் ஆன், செவரின் ஹாக்கருடன் சேர்ந்து 2011இல் பிட்ஸ்பர்க்கில் தொடங்கிய நிறுவனம் அது. ஆங்கிலம் கற்கப் பணம் இல்லாதவருக்கும் பாடம் எட்ட வேண்டும் என்பதை அதன் நோக்கமாக அவர் தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறார். 2024 இறுதியில் நாளொன்றுக்குச் சுமார் 4 கோடிப் பேர் அதைத் திறந்தார்கள். தானாகக் கற்பவரின் பெரிய எதிரி, பாதியில் விட்டுவிடுவது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல்கலைக்கழகப் பாடங்களில் சேர்ந்தவர்களில் மிகச் சிலரே முடிக்கிறார்கள் என்பது தெரிந்த செய்தி. அந்த எதிரியை, எத்தனை நாள் விடாமல் வந்தீர்கள் என்று காட்டும் ஒற்றை எண்ணால் டியோலிங்கோ பெருமளவு வென்றது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால் நினைவில் தங்கும் என்று 1885இல் ஹெர்மன் எபிங்ஹாஸ் காட்டியதற்கும் இந்த அன்றாட வருகைக்கும் உறவு உண்டு.

ஆனால் அந்த எண் எதை அளக்கிறது? செயலியைத் திறந்து ஒரு பாடத்தை முடித்ததை. நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பு, ஏற்கெனவே தெரிந்த எளிய பாடத்தைத் தட்டி முடித்தாலும் அது ஏறும். முந்தைய நாள் ஒரு மணி நேரம் அயல்மொழிக்காரருடன் பேசியிருந்தால் ஏறாது. எபிங்ஹாஸ் சொன்ன இடைவெளிக்கும் இருபத்து நான்கு மணி நேரக் கெடுவுக்கும் தொடர்பு இல்லை. நன்கு பதிந்த சொல்லுக்கு இடைவெளி நீளலாம். முப்பது பேரைச் சேர்த்து வாரந்தோறும் தரவரிசைப்படுத்தும் போட்டியிலோ கடினமான ஒரு பாடத்தைவிட எளிய நான்கு பாடங்கள் லாபமானவை. எட்வர்டு டெசியும் ரிச்சர்டு ரையனும் ரிச்சர்டு கோஸ்ட்னரும் 128 ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் வெளியிட்ட கட்டுரை, எதிர்பார்த்துப் பெறும் பரிசுகள் ஒருவரின் உள்ளார்ந்த ஆர்வத்தைக் குறைக்கக்கூடும் என்றது. இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, இரவுப் பணிக்காரரும், வீட்டில் ஒரே கைபேசியை மூவர் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்துப் பிள்ளையும் இந்தக் கணக்கில் தொடக்கத்திலேயே தோற்றுவிடுவதுதான். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். நாள்தோறும் தனக்கென்று நேரமும் கருவியும் உள்ள ஒருவரை வைத்து வரையப்பட்ட கணக்கு அது.

இன்னும் ஆழமான குறை, தவறைக் கையாண்ட விதத்தில் இருக்கிறது. இலவசப் பயனருக்கு ஐந்து இதயங்கள். ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒன்று போகும். எல்லாம் தீர்ந்தால் காத்திருக்க வேண்டும், பழைய பாடத்துக்குத் திரும்ப வேண்டும், அல்லது சந்தா கட்ட வேண்டும். இந்த ஏற்பாடு நெடுங்காலம் நடந்தது. மொழி கற்பவரின் பிழைகள் அவர் மனத்தில் உருவாகிவரும் இலக்கணத்தின் சான்றுகள், ஆசிரியருக்கும் கற்பவருக்கும் பயன்தருபவை என்று பிட் கார்டர் 1967இலேயே எழுதிவிட்டார். பிழை செய்யாமல் எவரும் ஒரு மொழியைப் பேசியதில்லை. அந்தப் பிழைக்கு இங்கே விலை வைக்கப்பட்டது. பணம் கட்டியவருக்கு மட்டும் அந்த விலை தள்ளுபடி. 2024 இறுதியில் சந்தாதாரர்கள் சுமார் 95 லட்சம். எஞ்சிய பெரும்பான்மை இலவசப் பயனர்கள். அவர்களுக்குள்ளும் அதிகம் தவறு செய்பவர் யார்? புதிதாகத் தொடங்குபவர், தாய்மொழிக்கு வெகுதூரத்து மொழியைக் கற்பவர், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுபவர். மிகவும் உதவி வேண்டியவரிடமிருந்தே பாடம் முதலில் பறிபோகிறது. 2025 முதல் பலருக்கு இதயத்தின் இடத்தில் ‘ஆற்றல்’ என்ற அளவு வந்தது. அது சரியாக விடை சொன்னாலும் குறைகிறது. தவறின் மீதிருந்த அபராதம் பயிற்சியின் மீதே இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இலவசமாகக் கொடுக்கும் நிறுவனம் எப்படியாவது பிழைக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. விளம்பரம் காட்டட்டும், கூடுதல் வசதிகளுக்குப் பணம் வாங்கட்டும். கற்றலின் மூலப்பொருளுக்கு விலை வைக்க வேண்டியதில்லை. இழப்பு இல்லையென்றால் கற்பவர் யோசிக்காமல் தட்டிக்கொண்டே போவார் என்று இன்னொரு மறுப்பும் உண்டு. இதற்கு அந்த நிறுவனமே விடை வைத்திருந்தது. பள்ளிகளுக்கென்று அது தந்த வடிவத்தில் மாணவர்களுக்கு இதயக் கட்டுப்பாடு இருக்கவில்லை. வகுப்பறைக்கு ஆகாதது வீட்டில் தனியாகக் கற்பவருக்கு மட்டும் எப்படி நல்லதாகும்?

தமிழுக்கு இது தொலைவான விவகாரம் அன்று. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001இல் தொடங்கியபோது கைபேசிச் செயலிகள் இல்லை. இன்று புலம்பெயர் பிள்ளைகளுக்குத் தமிழ்ச் செயலி செய்வோர் முன் ஆயத்த மாதிரியாக நிற்பது டியோலிங்கோ. அதன் அச்சில் தமிழை ஊற்றினால் என்ன நடக்கும்? டொரொண்டோவில் யாழ்ப்பாணத்து அம்மம்மாவிடம் ‘வாறன்’ என்று கேட்டு வளரும் பிள்ளையும், சென்னையிலிருந்து போன வீட்டில் ‘வரேன்’ என்று சொல்லும் பிள்ளையும் ‘வருகிறேன்’ என்ற ஒரே விடையின் முன் தவறியவர்களாக நிற்பார்கள். எழுத்துத் தமிழ் கட்டாயம் வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் கேட்ட சொல்லுக்குச் சிவப்புக் குறி போடும் பாடம், பிள்ளைக்கு ஏற்கெனவே இருந்த தமிழையும் பறித்துவிடுகிறது. சிங்கப்பூர் இதை முன்பே உணர்ந்தது. அங்கே தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு 2005இல் பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் உரிய இடம் தரப் பரிந்துரைத்தது. இணையப் பாடத்தில் இதைச் செய்வது இன்னும் எளிது: வட்டார வடிவங்களையும் சரியென ஏற்று, அருகில் எழுத்து வடிவத்தைக் காட்டினால் போதும்.

உடல் சார்ந்த தடைகளும் இதே இடத்தில்தான் சேர்கின்றன. 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகுதன்மை வழிகாட்டுதல்களின் 2.2ஆம் பதிப்பு, இழுத்து வைக்க வேண்டிய எதற்கும் இழுக்காமல் செய்யும் மாற்று வழி வேண்டும் என்கிறது. நேரக் கெடுவை நீட்டவோ நீக்கவோ முடிய வேண்டும் என்பது அதற்கு முந்தைய பதிப்புகளிலேயே உண்டு. சொற்கட்டைகளை இழுத்து அடுக்கும் பயிற்சியும் ஓடும் கடிகாரமும் கை நடுங்குபவரையும் திரைவாசிப்பியை நம்பியிருப்பவரையும் விலக்குகின்றன. மற்றவருக்கும் அவற்றால் மொழி கூடுதலாக வந்துவிடுவதில்லை.

ஆகவே நாள் எண்ணும் பழக்கத்தை முற்றிலும் கைவிட வேண்டாம். வாரத்துக்கு எத்தனை நாள் என்பதைக் கற்பவரே தீர்மானிக்கட்டும், தவறினால் எண் பூச்சியத்துக்குப் போகாதிருக்கட்டும். தவறுக்கான தண்டனையையோ முற்றாக நீக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு தமிழ்ச் செயலியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரும் ஆசிரியரும் முதலில் வேண்டுமென்றே ஒரு தவறான விடை கொடுத்துப் பாருங்கள். அது ஏன் தவறு என்று சொல்லித்தந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கில் கழித்துவிட்டு நகர்ந்தால் வேறொன்றைத் தேடுங்கள்.